காத்தான் கூத்தும் சிறுவர் தெரிவும்: ஒரு சமூகவியல் நோக்கு

ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றை ஆராய்ந்தோர் கூத்தின் பிரதி பற்றியும் ஆட்டமுறை பற்றியும் அண்ணாவிமார் பரம்பரை பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். கூத்தொன்றிற்கு ஆடுவோர் எவ்வாறு தெரிந்தெடுக்கப்படுகின்றனர் என்னும் வினாவோ பெரும்பாலும் ஓரிரு வாக்கியங்களுடன் முடிந்துவிடுகின்றது. ஆடவரும் சிறுவரைப் பொறுத்தவரை அவ்வோரிரு வாக்கியங்களையும் காண்பதரிது. அரங்கில் யார் நிற்பது, யார் கீழே பாயில் இருந்து பார்ப்பது என்பது கொட்டகைக்குக் கால் நடுவதற்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடும் விடயமாகும். அத்தீர்மானத்தைச் செய்பவர் யார், எந்த அளவுகோலைக் கொண்டு செய்கின்றார், அவ்வளவுகோல் அவர் கைக்கு எவ்வாறு வந்தது என்பன கலைநுட்பம் பற்றிய வினாக்கள் போலத் தோன்றினும் சமூக உறவுகள் பற்றிய வினாக்களேயாம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வழங்கும் காத்தவராயன் சிந்துநடைக் கூத்தை முன்வைத்து இவற்றை நோக்க முற்படுகின்றோம்.

இக்கூத்தை நாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணமுண்டு. வேறு பல கூத்துக்களிற் சிறுவன் ஒருவன் தோழனாகவோ பணியாளனாகவோ வந்து போவான். காத்தான் கூத்திற் சிறுவனின்றிக் கதை நகராது. காத்தவராயன் ஒருவனே எனினும் அவனை ஆடுவோர் பலர். பாலக் காத்தான், முன்காத்தான், பின்காத்தான், கழுக்காத்தான் என ஊருக்கு ஊர் பெயரும் தொகையும் வேறுபட, ஓரிரவுக்குள் ஒரு பாத்திரம் பல உடல்களிற் கைமாறி வளர்கின்றது. தாய் முத்துமாரியிடம் வரம் கேட்டு அழும் பருவம் சிறுவனுக்குரியது. தனக்கு எட்டாத உயர்குலத்துப் பெண்ணான ஆரியப்பூமாலையை விரும்பித் தாய் வைக்கும் சோதனைகளைக் கடந்து திரியும் பருவம் இளைஞருக்குரியது. விடியற்புறம் கழுமரத்தில் ஏறுபவன் விரதமிருந்த பெரியவன்.

ஒரு பாத்திரத்துக்குப் பலர் ஏன்? அண்ணாவிமாரைக் கேட்டால், ஒருவனால் விடியுமட்டும் துள்ளி ஆட இயலாது என்பர். இவ்விடை உண்மையே, எனினும் போதியதன்று. இரவு முழுவதும் ஒருவரே மேடையைத் தாங்கிய வேறு கூத்துக்களும் நம்மிடையே இருந்துள்ளன. காத்தானை இத்தனை பேருக்குப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாட்டில் களைப்பை நீக்குவதிலும் பெரிய தேவையொன்று நிறைவேறியதென்றே நாம் கருதுகின்றோம். ஊரிலே தலைமைப் பாத்திரத்துக்கு உரிமை கோரும் குடும்பங்கள் பல; பாத்திரம் ஒன்று. அதனைத் துண்டாக்கிப் பங்கிட்டால் ஊர் பிளவுபடாது. நிலத்தைத் துண்டு துண்டாகப் பங்கிட்டு வாழ்ந்த யாழ்ப்பாணத்து விவசாயச் சமூகத்துக்கு இப்பங்கீட்டு முறை புதிதன்று.

சிறுவர் விடயத்தில் இப்பங்கீடு நேர்த்தி என்னும் வடிவத்தைப் பெற்றது. முத்துமாரி அம்மை நோயின் தெய்வம். அம்மை கண்ட பிள்ளை பிழைத்தால் அவனைக் காத்தானாக ஆடவிடுவேன் என்று தாய் நேர்ந்துகொள்கிறாள். பெரியம்மை உலகினின்றும் ஒழிக்கப்பட்டதென்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போன பின்னரும் நேர்த்தி போகவில்லை. வேறு நோய்களும் விபத்துகளும் பின்னர் யுத்தமும் அதன் இடத்தை நிரப்பின. நேர்த்திப் பிள்ளைக்குக் குரல் வேண்டும் என்றில்லை, தாளம் வேண்டும் என்றில்லை. அவனை மறுப்பது அம்மனை மறுப்பதாகும். எனவே அண்ணாவியார் அவனுக்குச் சதங்கை கட்டி இரண்டு வட்டம் நடக்கவிட்டு, பாட்டைப் பிற்பாட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிடுவார். திறமையற்றவனுக்கும் அரங்கில் இடமுண்டு என்னும் கோட்பாட்டைச் சமயத்தின் மொழியில் எமது கிராமத்துப் பெண்கள் நிலைநாட்டி வைத்திருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. கூத்தை ஆடாத, ஆட அனுமதிக்கப்படாத அப்பெண்களே அதில் யார் ஆடுவது என்பதில் ஒரு பங்கைத் தம் கையில் வைத்திருந்தனர்.

நேர்த்திக்கு வெளியே நடந்த தெரிவு வேறு வகையினது. அதற்குத் தனியானதொரு நாள் இருந்ததில்லை. காத்தான் பாட்டுகளின் மெட்டுகள் எளியவை. திரும்பத் திரும்ப வருபவை. ஊர்ப்பிள்ளைகள் அவற்றை மாடு மேய்க்கும்போதும் விளையாடும்போதும் பாடிக்கொண்டே திரிவர். கூத்துப் பழக்கம் தொடங்கும் இரவுகளிற் பெரியவர்களைச் சூழ்ந்து குந்தியிருந்து, அவர்கள் வரி மறக்கும் இடத்தில் எடுத்துக் கொடுப்பவன் எவனோ அவனை அண்ணாவியார் ஓரக்கண்ணாற் பார்த்துக்கொள்வார். அடுத்த நாள் அவனை எழுந்து நடக்கச் சொல்வார். சோதனைக்கு முன்னரே கல்வி நிகழ்ந்துவிடுகிறது. சோதனை நிகழ்வதைப் பிள்ளை அறிவதில்லை. இன்றைய நெறியாளர் பலர் நாட்கணக்காகப் பட்டறை வைத்து அறிய முயல்வதை அண்ணாவியார் வெற்றிலை மென்றவாறே அறிந்தார்.

அவர் தேடியது குரலையே. ஒலிபெருக்கி வராத காலத்திற் கொட்டகையின் கடைசிப் பாய் வரை கேட்க வேண்டுமாயின் உச்சத்திற் பாடவேண்டும். குரல் உடையாத சிறுவனுக்கு அது இயல்பாக வரும். குரல் உடைந்ததும் அவனது காலம் முடிந்துவிடும்; இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் எவனும் பாலக் காத்தானாக நிலைத்திருக்க முடியாது. ஆகவே அவ்விடம் அடிக்கடி வெற்றிடமாகிப் புதிய பிள்ளைகளை உள்வாங்கிக்கொண்டே இருந்தது. உடுக்கிருந்த இடத்துக்கு ஆர்மோனியமும் மிருதங்கமும், பந்தம் இருந்த இடத்துக்குப் பெற்றோல்மாக்ஸும், பின்னர் ஒலிபெருக்கியும் வந்தபோது தெரிவின் அளவுகோலும் நகர்ந்தது. ஒலிபெருக்கி மெல்லிய குரலையும் கேட்கச் செய்தது. அதே வேளை முகத்தையும் உடுப்பையும் முன்னுக்குக் கொண்டுவந்தது. ஆரியப்பூமாலைக்கு ‘வடிவான’ பொடியனைத் தேடுவது முன்னரும் இருந்ததே. மின்னொளியின் கீழ் அத்தேடல் பாலக் காத்தானையும் பற்றிக்கொண்டது.

இவற்றையெல்லாம் விடக் கடுமையான தெரிவொன்று அண்ணாவியார் பார்வைக்கு வருமுன்னரே நடந்துவிடுகிறது. பழக்கம் இரவில் நடைபெறும். தோட்டத்திலே இறைப்பு விடியுமுன் தொடங்கும். துலா மிதிக்கப் பெரியவர்கள் வேண்டும். வாய்க்காலில் நின்று தண்ணீர் மாறுவது பெரும்பாலும் சிறுவரின் வேலை. சொந்த நிலமும் கூலியாட்களும் உள்ள வீட்டுப் பிள்ளை நடுநிசி வரை பழகிவிட்டு விடிந்தபின்னும் உறங்கலாம். குத்தகைத் தோட்டக்காரனின் பிள்ளை உறங்க முடியாது. எனவே அவன் வரமாட்டான். வந்தாலும் தூங்கி விழுவான். ‘அவனுக்குக் கூத்திலே பிடிப்பில்லை’ என்று ஊர் சொல்லும். உழைப்பின் சுமை இவ்வாறு ஆளின் இயல்பாக மாற்றிப் பேசப்படுவது எங்கும் காணப்படுவதே. நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவத் தொடங்கிய பின்னர் துலாவும் அதனுடன் சேர்ந்த சிறுவர் உழைப்பும் குறைந்தன. கூத்துப் பழக வரும் பிள்ளைகளின் தொகையில் இம்மாற்றம் என்ன விளைவை ஏற்படுத்தியது என்பதை எமது பொருளாதார வரலாற்றாசிரியர் எவராவது ஆராய வேண்டும்.

உடுப்பின் செலவும் சிறியதன்று. முடி, மார்புப்பதக்கம், சதங்கை என்பவற்றை வாடகைக்கு எடுக்கும் பணத்தையும் அண்ணாவியாருக்குரிய சன்மானத்தையும் ஆடுபவனின் குடும்பமே பெரும்பாலும் ஏற்றது. பாத்திரத்தின் தரம் உயர உயரச் செலவும் உயரும்.

இனி, சாதி. ஒவ்வொரு காத்தான் கூத்தும் ஒரு குறிச்சியின் கூத்து. யாழ்ப்பாணத்திலே குறிச்சி என்பது பெரும்பாலும் சாதி என்பதே. நாம் மேலே கூறிய நேர்த்தியின் சமத்துவம் குறிச்சி எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாகும். எல்லைக்கு அப்பாலுள்ள தாயின் நேர்த்தி அப்பாலுள்ள கோயிலுக்கே உரியது. ஒரு குறிச்சியிற் பாலக் காத்தானுக்குக் குரல் கிடைக்காது அண்ணாவியார் தவித்துக்கொண்டிருக்க, வயல் ஒன்றுக்கு அப்பால் வேறொரு பிள்ளை அதே மெட்டை நட்சத்திரம் வரை எட்டப் பாடிக்கொண்டிருப்பான். இருவரும் சந்திப்பதில்லை.

இதிலே உள்ள முரண்பாடு வெளிப்படையானது. எந்தக் கதையை ஆடுவதற்காக இப்பிள்ளைகள் சாதி பார்த்துப் பொறுக்கப்படுகின்றனரோ, அந்தக் கதையே சாதி எல்லையை மீறியவனின் கதை. தமிழகத்துக் கதைப்பாடலில் ஆரியமாலை பிராமணப் பெண். அவளை விரும்பியமைக்காகவே காத்தவராயன் கழுவேற்றப்படுகிறான். இத்தகைய கதைப்பாடல்களை ஆராய்ந்த நா. வானமாமலை, தாழ்ந்த குலத்து வீரனுக்குப் பிற்காலத்தில் தெய்வப் பிறப்பும் சாப விமோசனமும் கற்பிக்கப்பட்டமையை எடுத்துக்காட்டினார். மீறலைக் கதையிலிருந்து நீக்க முடியாதவர்கள் மீறியவனின் பிறப்பைத் திருத்தினர். எமது கூத்திலும் காத்தான் தொடக்கத்திலேயே தெய்வக் குழந்தை. ஆனால் கழுமரத்தை எவராலும் திருத்த முடியவில்லை. அது விடியற்காலத்திற் கொட்டகை முன்றலில் நிற்கிறது. ஊர் முழுவதும் அதை அண்ணாந்து பார்த்து அழுகிறது. பாயில் உறங்கி விழித்த பிள்ளையும் பார்க்கிறான். பாலக் காத்தானாகத் தான் அணிந்த சதங்கையின் முடிவு அதுவென்று அவனுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

மேனிலைச் சைவம் இக்கூத்தை மதித்ததில்லை. சிறுதெய்வ வழிபாட்டையும் உயிர்ப்பலியையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கடுமையாகக் கண்டித்தார். அவர் வழிவந்த படித்த வகுப்பாருக்கு அம்மன் வாசலிற் சிறுவர் துள்ளியாடுவது நாகரிகக் குறைவாகவே தோன்றிற்று. ஒருவகையில் அந்த அலட்சியமே கூத்தைக் காப்பாற்றியது என்றுகூடச் சொல்லலாம்.

1950களின் பிற்பகுதியிலிருந்து நிலைமை மாறிற்று. பேராசிரியர் சு. வித்தியானந்தனின் முயற்சியாற் கூத்து கலைக்கழகத்தின் கவனத்தையும் பல்கலைக்கழக மேடையையும் பெற்றது. 1962இல் பேராதனையில் ‘கர்ணன் போர்’ மாணவரைக் கொண்டு ஆடப்பட்டது. பாடசாலைகளிற் கூத்துப் போட்டிகள் வந்தன. இவ்வியக்கத்தின் பெருமையைக் குறைப்பது எமது நோக்கமன்று. அதன் பிள்ளைகள் நாம். எனினும் பாடசாலைக்குள் நுழைந்ததும் ஆள் தெரிவு ‘தேர்வு’ ஆனது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாதிக் குறிச்சி என்னும் வேலி அங்கே சட்டப்படி இல்லை. பாடசாலைகளிற் சம ஆசனம் வேண்டி 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்த போராட்டங்களும், 1957இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும், 1960இல் தொடங்கிய பாடசாலைகள் சுவீகரிப்பும் அவ்வேலியை வலுவிழக்கச் செய்திருந்தன. இது மெய்யான முன்னேற்றம். ஆனால் நேர்த்தியும் அங்கே இல்லை. குரலில்லாத பிள்ளைக்காக வாதாட அம்மனும் இல்லை. ஒரு பாத்திரம், ஒரு பிள்ளை, ஒரு நடுவர் என்றாயிற்று. உடற் பாகங்களைப் போலக் காத்தானைப் பகிர்ந்துகொண்ட முறை, பரிசுக்குரிய ‘சிறந்த நடிகன்’ என்னும் கருத்தின் முன்னே நிற்க முடியவில்லை.

இதனை வெளியே நின்று குறை கூறும் தகுதி எமக்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர், நண்பர் சிலருடன் சேர்ந்து சனசமூக நிலையமொன்றின் சிறுவர்களைக் கொண்டு ஆச்சி வடை சுட்ட கதையை நாடகமாக்க முற்பட்டோம். உழைத்தவளின் வடையைக் காகம் திருடியது. காகத்திடமிருந்து நரி பறித்தது. கதையின் அரசியலை நாம் வெகு நுட்பமாக விவாதித்திருந்தோம். ஆட்களைத் தெரிந்தெடுக்க ஒரு சனிக்கிழமை குறித்தோம். மேசையிட்டு இருந்தோம். குரல், உச்சரிப்பு, தோற்றம், துணிவு என நான்கு நிரல்கள் கொண்ட தாள் ஒன்றும் தயாரித்தோம். பிள்ளைகள் வரிசையில் வந்தனர். நரியாக வர விரும்பிய சிறுவன் ஒருவன் எமது வரிகளைப் பேசாது, நரி காகத்தை அழைக்கும் இடத்தைத் தன் வீட்டுப் பேச்சிலே தானே இட்டுக்கட்டிப் பேசினான். உச்சரிப்பு நிரலில் அவனுக்குக் குறைவாகவே புள்ளி விழுந்தது. நரி இன்னொருவனுக்குப் போயிற்று. இவனுக்குத் திரை இழுக்கும் பொறுப்புக் கொடுத்தோம். அதனை அவன் ஒழுங்காகச் செய்தான்.

நாடகம் முடிந்து நெடுநாளைக்குப் பின்னர் அத்தாளை எடுத்துப் பார்த்தபோதே, தெரிவானவர்கள் ஏறக்குறைய அனைவரும் பேச்சுப் போட்டி மேடைகளுக்குப் பழகிய, பெருந்தெரு ஓரத்து வீடுகளின் பிள்ளைகள் என்பது தெரிந்தது. ‘துணிவு’ என்று நாம் அளந்தது மேசைக்கு முன்னால் நின்று பழகிய பழக்கத்தையே. குறிச்சிக்கு வெளியே நின்ற பிள்ளையைக் குறிச்சியின் பெயர் கேளாமலே மீண்டும் வெளியே நிறுத்திவிட்டோம். பழைய அண்ணாவியாராவது சாதியைச் சாதி என்றே சொன்னார்.

அப்படியாயின் தெரிவின்றியே ஓர் அரங்கு இயலுமா என்னும் வினா எழுகின்றது. உலக அரங்கின் வரலாற்றில் இவ்வினாவை நேராக எதிர்கொண்டவர்களுள் லத்வியரான ஆஸ்யா லாசிஸ் முக்கியமானவர். ஒக்டோபர்ப் புரட்சியை அடுத்து, 1918இல் ரஷ்யாவின் ஒரெல் நகருக்கு வந்த அவர், யுத்தமும் பஞ்சமும் அநாதைகளாக்கிய சிறுவர்களைக் கண்டார். விடுதியிலிருந்த பிள்ளைகளும் தெருவிலே திரிந்து திருடி வாழ்ந்த பிள்ளைகளும் ஆகிய இருசாராருக்கும் ஓர் அரங்கை அமைக்க விரும்பினார். நாடகத்தைக் கொடுத்து ஆட்களைத் தெரிந்தெடுக்கவில்லை. வரைதல், இசை, கைவேலை, பாவனை விளையாட்டு என்பவற்றிலே தொடங்கி, பிள்ளைகளை அவதானித்தார். ஒஸ்கார் வைல்டின் நட்சத்திரக் குழந்தைக் கதையைத் தழுவிய நாடகமொன்று பின்னணியில் இருந்தது. அதில் வரும் கள்வர் காட்சியை விடுதிப் பிள்ளைகள் கற்பனையாக ஆடிக்கொண்டிருந்த ஒருநாள் தெருப்பிள்ளைகள் உள்ளே வந்து பார்த்தனர். பின்னர் அவர்களைத் தள்ளிவிட்டு, கள்வர் எப்படியிருப்பர் என்பதைத் தாமே ஆடிக்காட்டினர் என்று லாசிஸ் தம் நினைவுக் குறிப்புகளிற் கூறுகிறார். அவர்களை அவர் தடுக்கவில்லை. நண்பர் வால்ற்றர் பெஞ்சமின் 1920களின் இறுதியில் இவ்வனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு பாட்டாளி வர்க்கச் சிறுவர் அரங்கு பற்றிய செயற்றிட்டமொன்றை எழுதினார். அரங்கேற்றம் அங்கே நோக்கமன்று, பிள்ளைகளின் கூட்டுச் செயலிலிருந்து ஏறக்குறையத் தற்செயலாக விளைவது. நெறியாளரின் முதற்கடமை அவதானித்தல் என்பதே அதன் சாரம்.

பாய் விளிம்பிற் குந்தியிருந்து வரி எடுத்துக் கொடுக்கும் பிள்ளையை ஓரக்கண்ணாற் பார்த்த அண்ணாவியாரை இங்கு நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. ஒப்புமையை மிகைப்படுத்தக்கூடாது. லாசிஸுக்குப் பின்னால் ஒரு புரட்சி நின்றது. அண்ணாவியாருக்குப் பின்னால் ஒரு குறிச்சி நின்றது.

காத்தான் கூத்தின் வடிவம் குறிச்சியை விட்டு வெளியேறிய சந்தர்ப்பம் எமது வரலாற்றில் ஒன்றுண்டு. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அதனைப் பொருளாகக் கொண்டு என். கே. ரகுநாதன் எழுதிய ‘கந்தன் கருணை’ காத்தவராயன் கூத்துப் பாணியில் அம்பலத்தாடிகளால் மேடையேற்றப்பட்டது. கோயிலுக்குள் விடப்படாதவர்களின் கதையை, கோயில் வாசலில் ஆடப்படும் கூத்தின் மெட்டிலே ஊர் கேட்டது. அது பெரியவர்களின் நாடகம். அதிற் கிடைத்த விடுதலையைச் சிறுவர் அரங்குக்குக் கொண்டுவரும் வேலை வேறு திசையிலிருந்து தொடங்கிற்று. 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’வும் சி. மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’ம் தலைமைப் பாத்திரத்தின் ஆட்சியைத் தளர்த்தின. பாடியும் ஆடியும் கூட்டாகக் கதையை நகர்த்தும் பிள்ளைகள் அங்கு மேடையின் அலங்காரமல்லர். கதையே அவர்கள் கையில் இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்தது. காத்தானைப் பல உடல்களுக்குப் பங்கிட்ட பழைய அறிவு இவ்வாக்கங்களில் வேறு வடிவிலே மீண்டதென்பது எமது துணிபு. ஆக்கியோர் அதனை உணர்ந்து செய்தனரா என்பது முக்கியமன்று.

2009இல் யுத்தம் முடிந்து மீளக்குடியமர்ந்த வன்னிக் கிராமமொன்றில் காத்தான் கூத்துக்கு ஆள் சேர்த்ததை நாம் இருந்து பார்த்தோம். இடம்பெயர்வு குறிச்சிகளைக் கலைத்துப் போட்டிருந்தது. எவர் எந்தக் குறிச்சி என்பதை முதியோர் மறக்கவில்லையாயினும், ஆடுவதற்குத் தேவையான தொகை எந்தக் குறிச்சியிலும் இருக்கவில்லை. கொட்டகைக்குப் பந்தல் இல்லை. மரநிழலில் சாக்கு விரித்திருந்தனர். பாலக் காத்தானுக்கு ஐந்து பிள்ளைகள் வந்தனர். ஐவரும் நேர்த்திப் பிள்ளைகள். பதுங்குகுழிக்குள் இருந்து நேர்ந்ததாக ஒரு தாய் சொன்னாள்; முகாமில் வைத்து என்றாள் இன்னொருத்தி. ஐவரில் ஒருத்தி சிறுமி. அவளுடைய தமையனுக்காக நேர்ந்ததென்றும் அவன் இல்லாதபடியால் இவள் வந்திருக்கிறாள் என்றும் பேரனார் தாழ்ந்த குரலில் விளக்கினார்.

அண்ணாவியார் எவரையும் பாடச் சொல்லவில்லை. கொப்பியைப் புரட்டிப் பாலக் காத்தானின் பாட்டுகளை எண்ணினார். பென்சிலால் ஐந்து கோடுகள் இழுத்தார். சதங்கைகள் போதுமா என்று கேட்டார். இரண்டு சோடிதான் இருக்கின்றன என்றனர். ஒருவர் நடந்து முடித்ததும் அவிழ்த்து மற்றவருக்குக் கட்டலாம், இடையில் பிற்பாட்டுக்காரர் ஒரு சுற்று கூடுதலாகப் பாடட்டும் என்று சொல்லிவிட்டு, முதலாவது கோட்டுக்கு மேலே சிறுமியின் பெயரை எழுதினார்.